இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை என் மகனின் வகுப்பாசிரியை என்னை ஒரு குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் சத்தத்தை எனக்கே போட்டுக் காட்டினார்.

பிரணவுக்குப் பன்னிரண்டு வயது. அவன் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் பேசும் மொழியை இரண்டு நிமிடம் பதிவு செய்து வரவேண்டும், எல்லாவற்றையும் வகுப்பில் போட்டுக் கேட்பார்கள் என்று வீட்டுப்பாடம். என் பிள்ளை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாயங்காலம் நாங்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது போனை ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டான்.

டீச்சர் பொத்தானை அழுத்தினார். தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கரண்டி பாத்திரத்தில் இடித்தது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. இடையில் பிரிட்ஜ் உறுமி அடங்கியது. கடைசியில் ஓர் ஆள் இருமினான், அது நான்தான். இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் நல்ல பெண். குறை சொல்லும் தொனியே இல்லை. மூன்று நாள் பதிவு செய்து பார்த்தானாம், இருப்பதிலேயே இதுதான் சத்தம் அதிகமாக இருந்தது என்று பிரணவ் சொன்னானாம். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் வழக்கம்போல “ஃபைன், ஃபைன்” என்றேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபின் சாவியைத் திருக முடியவில்லை. எத்தனையோ இன்ஜினைக் கழற்றி மாட்டியவன், அந்த ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இருப்பது ஆஸ்திரேலியாவில் மில்டுரா என்ற சின்ன நகரம். ஆறு உண்டு, திராட்சைத் தோட்டம் உண்டு, ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. பக்கத்துப் பெரிய நகரம் அடிலெய்ட். காஞ்சிபுரத்திலிருந்து கிட்டத்தட்ட மதுரைக்குப் போகிற தூரம், வழியில் டீக்கடை மட்டும் கிடையாது.

காஞ்சிபுரம் என்று சொன்னதும் இங்கே இருக்கும் நாலு இந்தியக் குடும்பங்களும் என்னிடம் புடவையைப் பற்றிக் கேட்பார்கள். நான் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தான். எனக்குத் தெரிந்த ஜரிகை, டீசல் பைப்பைச் சுற்றியிருக்கும் கம்பிதான். ஒரகடத்துக் கம்பெனியில் பதினேழு வருடம் மெக்கானிக் வேலை. விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி, பொழுது சாயக் கம்பெனி பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தவன், திராட்சை அறுவடை மெஷின் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டேன். கிடைத்தது. அன்று தெருவில் என்னை விடப் பெரிய ஆள் கிடையாது.

என் விசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. இது முதலாளி மனுப்போட்டு வரவழைக்கும் விசா. மூன்று வருடம் வேலை செய்து முடித்தால் நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். நடுவில் வேறு முதலாளியிடம் போகக் கூடாது என்றில்லை. ஆனால் புது முதலாளி புதிதாக மனுப்போட வேண்டும், அது ஏற்கப்பட்ட பிறகுதான் அவரிடம் சேர முடியும். பழைய வேலை போய்விட்டால் அதற்கு ஒரு கெடு. கெடுவுக்குள் ஆகவில்லை என்றால் பெட்டி கட்ட வேண்டியதுதான். என் முதலாளியோ, ஆள் வேறு இடம் பார்ப்பது காதில் விழுந்தால் அன்றைக்கே கதவைக் காட்டும் ரகம். எனக்கு முன்னால் இருந்த பிலிப்பைன்ஸ்காரரை அப்படித்தான் அனுப்பினாராம். இன்னொன்று, நாற்பத்தைந்து வயது தாண்டியவர்கள் இந்த விசாவைப் புதிதாகக் கேட்கவே முடியாது. எனக்கு நாற்பத்தாறு. தவறினால் அவ்வளவுதான்.

என் மனைவி தேவகி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பெண். பிறந்த வீட்டில் மூன்று தறி. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குக் குரல் பெரிது. கல்யாணமான புதிதில் அவள் என்னை அதட்டுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் அது அவளுடைய சாதாரணப் பேச்சு என்று தெரிந்தது. கணக்கில் எம்.எஸ்ஸி. எங்கள் வீட்டு மாடியில் சாயங்காலம் நாற்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். நான் பஸ் விட்டு இறங்கித் தெருமுனையில் திரும்பும்போதே அவள் வட்டத்தின் பரப்பளவைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.

இங்கே வந்த முதல் மாதம், பின்கட்டில் விளையாடிக்கொண்டிருந்த பிரணவை அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்றார். ஏதாவது ஆபத்தா, உதவி வேண்டுமா என்று கேட்டார். மறுநாள் ஒரு கேக்கும் கொண்டுவந்து கொடுத்தார், பாவம். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அன்றிலிருந்து தேவகி குரலைக் குறைத்துக்கொண்டாள்.

விசாப் படிவத்தில் அவளுக்குப் பெயர் துணை விண்ணப்பதாரர். தொழில் என்ற இடத்தில் ஏஜெண்ட் ‘வீட்டு வேலை’ என்று எழுதிவிட்டார். கணக்கு டீச்சர் என்று எழுதக் கூடாதா என்று கேட்டாள். அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள், வீண் சிக்கல் என்று நான்தான் தடுத்தேன். ஆரஞ்சு தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலைக்குப் போனாள். மெஷின் சத்தத்துக்குக் காதில் ஒரு மூடி மாட்டிவிடுவார்கள், நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. இதெல்லாம் ஒரு சத்தமா என்று முதல் நாள் வந்து சிரித்தாள். ஒரு சீசனோடு நின்றுவிட்டாள்.

3

அடிலெய்டுக்குப் போய்விடலாம் என்ற பேச்சு போன வருடம் வந்தது. தேவகியின் பெரியம்மா மகள் வசந்தா அக்கா அங்கே இருக்கிறார். அடிலெய்டும் எங்கள் விசா அனுமதிக்கிற பகுதிக்குள்தான் வருகிறது. வசந்தா அக்காவின் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு டிராக்டர் வொர்க்‌ஷாப்பில் ஆள் தேவைப்பட்டது, மனுப்போடவும் தயாராக இருந்தார்கள். கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டு ஐந்து குடும்பங்கள் காத்திருக்கின்றன என்று வசந்தா அக்கா தேவகியிடம் சொல்லிவைத்துவிட்டார்.

தேவகி ஒரு மாதம் கெஞ்சினாள். சமையலறையில் கெஞ்சினாள், காரில் கெஞ்சினாள். “போயிடலாங்க. எனக்கு இங்க மூச்சு முட்டுது” என்று சொல்லுவாள். நான் ஒவ்வொரு தடவையும் விசா விதிகளை எடுத்துப் படித்துக் காட்டினேன். உண்மையில் எனக்குப் பயம். மனு தள்ளுபடியானால், தெருவே வந்து வழியனுப்பிய இடத்துக்கு இரண்டு பெட்டியோடு திரும்பிப் போய் நிற்க வேண்டுமே என்ற பயம். பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்லத் தெரியவில்லை. அதனால் சட்டம் பேசினேன்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். பூ போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

நம் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். தேவகி வீட்டில் பூ கேட்காமல் ஒன்றும் நடக்காது. அவளை எம்.எஸ்ஸி சேர்த்தது பூ கேட்டு. என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் இழுத்தடித்த என் மாமனார், பூவைப் பார்த்த அன்றே பெண் கொடுக்கச் சம்மதித்தார்.

அந்த மாமனார் தவறி அப்போது ஒரு வருடம் ஆகவில்லை. வருஷத் திதி முடியாமல் அவர்கள் வீட்டில் பூ போடக்கூடாது. அதனால் எங்கள் ஊர் அம்மன் கோயிலில், என் அண்ணன் கன்னியப்பன் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அண்ணனும் ஒரகடம் ஆள்தான், கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஆடி வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

இரண்டு நாள் முன்னால், வொர்க்‌ஷாப்புக்குப் பின்னால் நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துவிடு என்றேன்.

“சாமி விசயத்துல கைய வெக்காதடா. நாளைக்கு எதனா ஆச்சின்னா யாருடா பதில் சொல்றது?” என்றார் அண்ணன். ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிள்ளையின் எதிர்காலம் என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். தம்பி அழுதுவிடுவான் போல இருந்ததால்தான் ஒத்துக்கொண்டேன் என்று அண்ணன் பிற்பாடு சொன்னார். பொட்டலம் கட்டியது அண்ணி அம்சா.

வெள்ளிக்கிழமை அங்கே காலை, இங்கே மத்தியானம். தேவகி தலைக்குக் குளித்து, புடவை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் பேத்தி, மூன்று வயது, தத்தித் தத்திப் போய் ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தது. அண்ணன் பிரித்தார். சிவப்பு அரளி. தேவகி போன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சரி. அம்மனே சொல்லிட்டா” என்றாள். எழுந்துபோய் வசந்தா அக்காவுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினாள்.

எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். சாயங்காலம் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனேன்.

4

அதற்கப்புறம் அடிலெய்ட் என்ற வார்த்தையே எங்கள் வீட்டில் கிடையாது. சண்டையும் கிடையாது. முதலில் நிம்மதி என்றுதான் நினைத்தேன். சமையல் நடந்தது, துணி துவைக்கப்பட்டது, பிரணவின் டிபன் டப்பா வேளைக்குத் தயாராக இருந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காததற்கு ஒன்றும் வரவில்லை. எப்போது பேச்சு நின்றது என்று ஒரு தேதியைச் சொல்ல என்னால் முடியாது. நானும் வேலை அசதியில் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பிரணவ் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழகினான். அம்மாவே பேசாதபோது அவன் யாரிடம் தமிழ் பேசுவான்? ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் “ஹாய் பெரியப்பா” என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிடுவான். பள்ளிக்கூடத்திலிருந்து தேவகிக்கு வரும் அழைப்புகளை அவனே எடுத்து, அம்மா மாதிரி அவனே பதில் சொல்லுவான்.

தேவகிக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்று தெரிந்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான், “ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ” என்றாள். அவர் அதையே எழுதிக்கொண்டார். அவருடைய வேக ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடாததால், பிறகு மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்து, வாழ்வதில் அர்த்தமில்லை என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று கேட்கச் சொன்னார்.

நான் தேவகியிடம், உடம்பு அலுப்பாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்றேன். அவள் இல்லை என்றாள். நான் டாக்டரிடம் இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். அந்தக் கேள்வியை என் வாயால் தமிழில் சொல்லப் பயந்தேன். பதில் ஆமாம் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

டாக்டருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த தடவை என்னை நம்பாமல், போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார். இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர். நித்திரை வருகிறதா அம்மா என்று அவர் கேட்டதும் தேவகி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அடுத்து அந்த அம்மா, நான் மறைத்த கேள்வியை மறைக்காமல் அப்படியே கேட்டார். தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

காத்திருக்கும் இடத்தில் கைகழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினாள் என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் கொஞ்சம் வந்தது. பேச்சு வரவில்லை.

5

டீச்சர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிய அன்று நான் வேலைக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் காரை நிறுத்தி வசந்தா அக்காவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அந்த வொர்க்‌ஷாப்பில் இன்னும் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அவர் ஏன் எதற்கு என்று கேட்காத நல்ல மனிதர். வியாழக்கிழமை வேலைக்கான கடிதமே மின்னஞ்சலில் வந்துவிட்டது. அடுத்த வார வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும், மனுப்போட்ட கையோடு என் இப்போதைய முதலாளியிடமும் விசாரிப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

விசா ஏஜெண்டைக் கேட்டேன். அவர் நேராகவே பேசினார். பல்லைக் கடித்துக்கொண்டு பத்தே மாதம் இருந்தால் நிரந்தரம், இந்த நேரத்தில் இடம் மாறுவது பைத்தியக்காரத்தனம் என்றார். மனு நிச்சயம் ஏற்கப்படுமா என்றேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். பத்து மாதம் எனக்குக் கொஞ்சம். ஆனால் சாப்பாட்டு மேசையில் அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டபிறகு, இன்னும் பத்து மாதம் தேவகி தாங்குவாள் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

போய்விடுவது என்று நான் தீர்மானித்தேன். தீர்மானித்தபின்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. அம்மன் வேண்டாம் என்று சொன்ன ஊருக்கு தேவகி எப்படி வருவாள்? நான் போட்ட பூட்டுக்குள் நானே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். இந்த ஆடியில் இன்னொரு தடவை பூ போடுவோம், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்துவிடு என்றேன்.

“அம்மன இன்னா டிவி ரிமோட்டுன்னு நெனச்சிக்கினியா?” என்றார் அண்ணன். நான் விடவில்லை. தேவகியின் நிலைமையைச் சொன்னேன், டாக்டரிடம் போனதைச் சொன்னேன். அண்ணன் குரல் இறங்கிவிட்டது. தன்னால் முடியாது என்றார். அண்ணி பூ போட்ட அன்றோடு அந்தக் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம், பூ வாங்கி யாரிடமாவது கொடுத்தனுப்புவதோடு சரியாம். அண்ணியிடம் போனைக் கொடுங்கள் என்றேன். பின்னால் அவர் இருப்பது கேட்டது. வாங்கவில்லை.

6

சனிக்கிழமை காலை, பிரணவ் கால்பந்துக்குப் போயிருந்தான். தேவகி காய்ந்த துணிகளை மேசைமேல் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

“போன ஆடில பூ போட்டமே, அது அம்மன் சொன்னது இல்ல தேவகி. ரெண்டுலயும் செவப்புதான் இருந்துது. நான்தான் வெக்கச் சொன்னேன்.”

அவள் பிரணவின் பள்ளிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். கையை உள்பக்கம் மடித்து, காலரைச் சரிசெய்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

“தெரியும்” என்றாள்.

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டது. ஆனாலும் என்ன என்றேன்.

“அன்னிக்கு சாயங்காலமே அம்சா அக்கா போன் பண்ணிட்டாங்க. அழுதுக்கினே சொன்னாங்க. நீங்க அப்ப ஐஸ்கிரீம் வாங்கப் போயிருந்தீங்க.”

நின்ற இடத்திலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஏன் ஒரு வருடமாகக் கேட்கவில்லை என்றேன். அவள் அடுத்த துணியை எடுத்தாள். அது என் சட்டை.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். தெனம் காலைல டீ குடிக்கச்சே உங்க மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பேன், இன்னிக்கு சொல்லிடுவாருன்னு. நீங்க டீ நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவீங்க.”

இந்த ஒரு வருடமும் நான் யார் யார் மேலெல்லாம் பழி போட்டிருக்கிறேன்! இந்த ஊர் மேல் போட்டேன், பக்கத்து வீட்டு அம்மாள் மேல், ஷெட்டில் மாட்டிவிட்ட காது மூடி மேல், குளிர் மேல், விசா மேல் எல்லாம் போட்டேன். இந்த ஊர்தான் என் பெண்டாட்டியின் வாயை அடைத்துவிட்டது என்று உறுதியாக நம்பினேன். அவள் என் எதிரில் உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள், தினமும்.

தேவகி சட்டையை மடித்து முடித்தாள். “எனக்குப் பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சரி இங்கயே இருந்துடலாம்னு நானே சொல்லியிருப்பேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால், அந்தப் பழைய பெரிய குரலில் கத்தியிருந்தால், நான் பிழைத்திருப்பேன்.

எழுந்துபோய் அடிலெய்ட் கடிதத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். போய்விடலாம் என்றேன். மனு தள்ளுபடியானால் ஆகட்டும், விசா போனால் போகட்டும், ஒரகடத்தில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். வேகமாகப் பேசினேன். அவள் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

“எந்த ஊருக்குப் போனாலும் உங்ககூடத்தானே இருக்கணும்” என்றாள்.

ஊர் மாறுவதா வேண்டாமா என்று ஏஜெண்டைக் கேட்டேன், அண்ணனைக் கேட்டேன், அம்மனைக் கூட என் பக்கம் சாட்சிக்கு இழுத்தேன். தேவகியை மட்டும் கேட்கவில்லை. அவளிடம் வேறு எது கேட்டபோதும் பதிலை நான் முன்கூட்டியே பையில் வைத்திருந்தேன். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, என்ன பதில் வரும் என்று தெரியாமல் கேட்டேன்.

“உனக்கு இன்னா வேணும்னு சொல்லு தேவகி. அடிலெய்டா, இங்கயேவா, பிரணவக் கூட்டிக்கினு நீ பிள்ளையார்பாளையம் போறதா. எதுன்னாலும் சரி. நான் இன்னொரு பேச்சு பேச மாட்டேன்.”

மடித்த துணிகளை மூன்று அடுக்காகப் பிரித்தாள், ஆளுக்கு ஒன்று. தன் அடுக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“யோசிச்சி சொல்றேன்” என்றாள்.

இன்று புதன்கிழமை. நாளை மறுநாள் வெள்ளி. ஏஜெண்ட் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், வசந்தா அக்காவின் வீட்டுக்காரர் ஒரு முறை. தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது என் பயம் இல்லை, உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. கடிதம் அவளிடம் இருக்கிறது. அவள் போகலாம் என்றால் என் நாற்பத்தாறு வயதை வைத்துக்கொண்டு போவேன். இருக்கலாம் என்றால் இருப்பேன். உங்களோடு இருக்க முடியாது என்று சொல்லவும் அவளுக்கு நியாயம் இருக்கிறது. நேற்று முழுக்க மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தேவகி டீயை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் டம்ளரைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிதானமாகத் தன் டீயைக் குடித்து முடித்தாள். நல்லாருக்குது என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.